புத்தளக் கரையில் நீரிழிவும் கண்ணும்

நீரிழிவு விழித்திரையைத் தாக்கும்போது கண் வலிப்பதில்லை, சிவப்பதில்லை, நீர் வடிவதுமில்லை. சீனி கூடிய இரத்தம் ஆண்டுக்கணக்கில் ஓடி ஓடி விழித்திரையின் நுண்குழாய்கள் தளர்ந்து, சிறு புடைப்புகள் விட்டு, கசியத் தொடங்கியிருக்கும். அந்தக் கண்ணோடுதான் மீனவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார், உப்பளத் தொழிலாளி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருப்பார். பார்வை மங்குவது தெரிய வரும்போது கசிவு விழித்திரையின் மையத்தை எட்டியிருக்கலாம். இல்லையென்றால் நோயால் புதிதாக முளைத்த பலவீனமான குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பெருகியிருக்கலாம். ஆகவே நோயாளி தானாக வரட்டும் என்று காத்திருக்கும் மருத்துவம் இந்த நோயிடம் எப்போதும் பிந்தியே போய்ச் சேர்கிறது. குறை எதுவும் உணராத ஆட்களைத் தேடிப் பிடித்து, ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தெடுத்து, உரிய காலத்தில் சிகிச்சைக்கு அனுப்புவதே இதற்கு வழி.

தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே வில்பத்துக் காடு வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரை, இலங்கையில் இப்படித் தேடிப்போன மருத்துவத்தை நன்கு அறிந்த நிலம். மலேரியாவும் யானைக்கால் நோயும் அங்கே அவ்வாறுதான் அடக்கப்பட்டன. அந்தப் பழக்கம் நீரிழிவுக்காரரின் கண்ணுக்கு வந்து சேரத் தாமதித்தது ஏன் என்பதை, கரையின் மருத்துவ வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

விழித்திரையை உயிருள்ள மனிதரிடத்தில் பார்க்க முடிந்தது 1851க்குப் பிறகு. அந்த ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுள்நோக்கியை அறிமுகப்படுத்தினார். நான்கு ஆண்டுகளில், 1855இல், எட்வார்ட் யேகர் நீரிழிவுக்காரர் ஒருவரின் விழித்திரை மாற்றங்களை விவரித்தார். ஆனால் பார்த்தவர் கையில் மருந்து இல்லை. நீரிழிவு முற்றியவர்கள் கண் கெடுமளவு நெடுங்காலம் உயிர்வாழ்ந்ததும் குறைவு. 1921–22இல் இன்சுலின் வந்து ஆயுளை நீட்டிய பிறகே கண் பாதிப்பு பெருவாரியாக வெளிப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் விக்டோரியா மகாராணி நினைவாக எழுந்த கண் வைத்தியசாலை கண்புரையையும் காயத்தையும் தொற்றையும் பார்த்தது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் இருந்த அரச வைத்தியசாலைகளுக்கும் அப்போதிக்கரிமாரின் டிஸ்பென்சரிகளுக்கும் காய்ச்சலைச் சமாளிப்பதே பெரும்பாடாக இருந்தது.

அந்தக் காய்ச்சலின் உச்சம் 1934–35. மழை பொய்த்து, தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் ஓட்டம் நின்று குட்டைகளாகத் தேங்கின. மலேரியா பரப்பும் நுளம்பு அந்தக் குட்டைகளில் பெருகியது. தெதுறு ஓயா கடலில் கலப்பது சிலாபத்தருகே. இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் அந்தக் கொள்ளைநோயில் மாண்டனர். அதற்குப் பின் வந்த மலேரியா எதிர்ப்பு இயக்கம் 1946 முதல் டிடிடி தெளித்தது. அதோடு இன்னொன்றும் செய்தது: வைத்தியர் அல்லாத களப்பணியாளர் வீடு வீடாகவும் வைத்தியசாலை வாசலிலும் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசினார். பயிற்சி பெற்ற இன்னொருவர், எங்கோ ஒரு நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து, அதை வாசித்தார். எடுப்பவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர், மருந்து கொடுப்பவர் ஒருவர் என வேலை மூன்றாகப் பிரிந்ததால்தான், வைத்தியர்கள் மிகக் குறைவாயிருந்த நாட்டில் இலட்சக்கணக்கான தகடுகளைப் பார்க்க முடிந்தது.

யானைக்கால் நோயின் கதை இன்னும் பொருத்தமானது, ஏனென்றால் அதுவும் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும் நோய். கால் வீங்கும் காலத்தில் மருந்து பெரும் பயன் தராது. நோய் வேரூன்றிய எட்டு மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. கிருமியின் குஞ்சுகள் இரவில்தான் மேற்பரப்பு இரத்தத்தில் உலவும். ஆகவே 1947இல் தொடங்கிய யானைக்கால் நோய் எதிர்ப்பு இயக்கத்தினர் ஊர் அடங்கும் நேரத்தில் படலை தட்டி, நோய் என்று எதையும் உணராத மனிதரின் விரலில் ஊசி குத்தினார்கள். 2002 முதல் 2006 வரை இந்த மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் மாத்திரை வழங்கப்பட்டது. இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாகவும், மலேரியா அற்ற நாடு அது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிலேயே சான்றளித்தது. நோயின் நேரத்துக்கு ஏற்ப மருத்துவம் தன் நேரத்தை மாற்றிக்கொண்டதற்கு அந்த இரவு வேலையைவிடச் சிறந்த உதாரணம் இலங்கையில் இல்லை.

தேடுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அதே வரலாறு காட்டியது. 1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகளே இருந்தனர். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்ததும், அந்தப் பத்தாண்டு முடியுமுன் மலேரியா பெருங்கொள்ளையாகத் திரும்பி வந்தது. அதை மறுபடி அடக்கிக் கடைசி உள்நாட்டு நோயாளியைக் காண 2012 வரை ஆயிற்று.

இந்த வேலைகளைச் செய்தது சுகாதாரத் துறையின் ஒரு கை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையிலிருந்து வளர்ந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு தேடிச் சென்று கர்ப்பிணியையும் குழந்தையையும் பார்க்கும் மருத்துவமாது ஆகியோரைக் கொண்டது அது. வைத்தியசாலைகள் மறு கை. அங்கே வருபவருக்குக் கட்டணமின்றி மருந்து உண்டு. வராதவர் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. நீரிழிவு வந்தபோது அதை ஏற்றுக்கொண்டது இந்த இரண்டாவது கைதான். புத்தளக் கரையில் சீனி வருத்தம் உள்ளவரின் வாழ்க்கை மாதாந்தக் கிளினிக்கைச் சுற்றியே அமைந்தது. விடியற்காலையில் இலக்கம் எடுத்து, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, கிளினிக் கொப்பியை நீட்டி, மெற்ஃபோமின் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது வழக்கமாயிற்று. கொப்பியின் ஒரு மூலையில் வைத்தியர் கண் கிளினிக்குக்கு என்று எழுதிக் கொடுத்தால், அது வேறொரு நாள், வேறொரு வரிசை, பல சமயம் வேறொரு ஊர்.

நோயின் வேகமும் எவரும் எதிர்பாராதது. 1990களின் தொடக்கத்தில் செய்த சிறு ஆய்வுகள் கிராமப்புறத்தில் வளர்ந்தோரில் 2.5 வீதத்தினருக்கும், நகரை ஒட்டிய பகுதியில் 5 வீதத்தினருக்கும் நீரிழிவு இருந்ததாகக் காட்டின. 2005–06இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வில் அது 10.3 வீதமாயிற்று. 2018–19இல் செய்த சுகாதாரமும் முதுமையும் பற்றிய ஆய்வு ஏறத்தாழ 23 வீதம் என்றது. அளவிட்ட முறைகளில் வேறுபாடு இருந்தாலும் போக்கு ஐயத்துக்கிடமற்றது. தமக்கு நீரிழிவு இருப்பதாக அறிந்திருந்தவர்களின் கண்களை 2005–06 ஆய்வில் பார்த்தபோது 27.4 வீதத்தினருக்கு விழித்திரையில் மாற்றம் இருந்தது. நோய் இருப்பதே தெரியாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

புத்தளத்தில் இந்த ஏற்றத்தோடு இன்னொரு பெருஞ்சுமையும் சேர்ந்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறக்குறைய 75,000 பேர் வீடு இழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வந்து தங்கியது புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லுப் பகுதிகளில். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய முகாம் வாழ்க்கை பலருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. வந்தவர்களும் ஏற்கெனவே அங்கிருந்தவர்களும் அதே சில வைத்தியசாலைகளை நம்பியிருந்தனர். அகதியாக வந்தபோது நடுவயதில் இருந்தவர்கள், நீரிழிவு விழித்திரையைத் தொடும் வயதை அந்த முகாம்களிலும் குடியிருப்புகளிலும்தான் அடைந்தார்கள். கண்ணைப் பரிசோதிக்கும் தேவை எழுந்தபோது பழைய மருத்துவக் குறிப்பு பலர் கையில் இருந்திருக்காது. எத்தனை ஆண்டுகளாக நோய் இருக்கிறது என்பது விழித்திரையின் ஆபத்தை மதிப்பிட முதலில் கேட்கும் கேள்வி. வீட்டையும் காணியையும் இழந்த கணக்கோடு இந்த இழப்பையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம்.

இதற்கிடையே உலகின் வேறிடங்களில் நோய்க்கு வழி பிறந்திருந்தது. ஜெர்மனியின் மையர்‑ஷ்விக்கெராத் 1940களின் இறுதியில் சூரிய ஒளியைக் குவித்து விழித்திரையைச் சுட்டு ஒட்டவைக்க முயன்றார். 1960களின் கடைசியில் லேசர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் நடந்த பெரும் பரிசோதனை ஒன்று, முற்றிய நிலையில் உள்ள கண்களில் லேசர் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதாக 1976இல் காட்டியது. மையத்தில் கசிவு உள்ளவர்களுக்கும் அது பயன் தருவதாக 1985இல் இன்னொரு ஆய்வு நிறுவியது. சிகிச்சை உறுதியானதும் தேடுவதற்கும் பொருள் வந்தது. ஐஸ்லாந்து 1980இல் நீரிழிவுக்காரரின் கண்களை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது. அவர்களிடையே சட்டப்படி பார்வையற்றோர் அந்த ஆண்டில் 2.4 வீதமாக இருந்து 2005இல் 0.5 வீதமாகக் குறைந்தனர். இங்கிலாந்து 2003இல் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பின், இங்கிலாந்திலும் வேல்சிலும் உழைக்கும் வயதினரின் பார்வையின்மைக்கு முதற்காரணம் என்ற இடத்தை நீரிழிவு அரை நூற்றாண்டில் முதன்முறையாக இழந்தது. இந்த வெற்றி எந்திரத்தால் மட்டும் வந்ததல்ல. நீரிழிவு உள்ள ஒவ்வொருவரின் பெயரும் ஒரு பட்டியலில் இருந்தது. ஆண்டு முடிந்ததும் கடிதம் போனது. வராதவருக்கு மறுபடி போனது.

இலங்கையின் கண் மருத்துவத்துக்கும் பெருமைக்குரிய வரலாறு உண்டு. ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய கண் தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கருவிழிகளை அனுப்பத் தொடங்கியது. அதன்பின் உலகின் எத்தனையோ நாடுகளில் இலங்கையர் தந்த கண்களால் மக்கள் பார்க்கிறார்கள். ஆயின் தானமாகப் பெற்றுப் பொருத்தக்கூடியது முன்புறத்துக் கருவிழி. கெட்ட விழித்திரைக்கு மாற்று இல்லை. 2014–15இல் நடந்த தேசியப் பார்வையின்மை ஆய்வு 40 வயதைக் கடந்தோரில் 1.7 வீதத்தினர் பார்வையற்றவர் என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம் என்றும் கண்டது. அரசும் அறநிலையங்களும் கண்புரை அறுவைக்கு முதலிடம் கொடுத்தது அதனால்தான். அந்த முடிவு சரியானதே.

ஆனால் அதுவே கரையோர மக்களின் மனதில் ஓர் எதிர்பார்ப்பையும் விதைத்தது. கண்புரை அறுவை செய்துகொண்டவர் மறுநாள் கட்டு அவிழ்த்ததும் பேரப்பிள்ளையின் முகத்தைக் காண்கிறார். லேசர் போட்டுக்கொண்டவருக்கு அப்படி எதுவும் நேர்வதில்லை. போன பார்வை பெரும்பாலும் திரும்பாது, இருப்பது நிற்கும், சில சமயம் இரவுப் பார்வை சற்றுக் குறையவும் செய்யும். நன்றாகத் தெரியும் கண்ணுக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்பவரை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவர் தன் ஊரில் கண்டதை வைத்து நியாயமாகவே பேசுகிறார். வெயிலும் உப்பின் கூச்சமும் கண்ணைக் கெடுக்கும் என்பதும் கரையில் பொது அறிவு. அது பொய்யுமல்ல: கண்ணில் சதை வளர்வதற்கும் கண்புரைக்கும் கடும் வெயிலோடு தொடர்புண்டு. அதனால் மங்கலுக்கு வெயிலைக் காரணம் காட்டி, நீரிழிவை எண்ணாமலே விட்டுவிடுவது எளிதாகிறது.

2010இல் இலங்கை தொற்றா நோய்களுக்கான தேசியக் கொள்கையை ஏற்றது. 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் திறக்கப்பட்டன. நடுவயதினரை அழைத்து எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி பார்ப்பது அவற்றின் வேலை. தேடிப்போகும் பழைய மரபு நீரிழிவை முதன்முறையாகத் தொட்டது இங்கேதான். வந்தவர்களில் பெண்களே அதிகம் என்பது நாடெங்கும் காணப்பட்ட குறை. கரையில் இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை: காலை எட்டு மணிக்கு நிலையம் திறக்கையில் ஆண்கள் கடலில் இருப்பார்கள், அல்லது கரையில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். யானைக்கால் இயக்கம் இரவில் போன ஊருக்கு, இந்த இயக்கம் அலுவலக நேரத்தில் அழைப்பு விடுத்தது.

விழித்திரைப் பரிசோதனையோ இன்னும் கண் வைத்தியரின் அறைக்குள்ளேயே இருந்தது. இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து ஆய்வாளர் பிரபாத் பியசேன மேல் மாகாணத்தில் செய்த ஆய்வுகள் இந்த நிலையைத் தெளிவாக எழுதின: ஒழுங்கான அழைப்பு முறை இல்லை, வாய்த்தபோது நடக்கும் பரிசோதனையே உண்டு. கண் நிபுணருக்குப் பதிலாக, நீரிழிவுக் கிளினிக்கில் ஏற்கெனவே இருக்கும் பொது வைத்தியர்கள் கைக்கமெரா ஒன்றால் எடுத்த படங்களை வாசிக்க முடியுமா என்று அவர் சோதித்தார். முடியும் என்பதே முடிவு. ஆனால் பாவையை விரிக்காமல் எடுத்த படங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் தெளிவில்லை; கண்புரையும் சிறுத்த பாவையும் மறைத்தன. துளிமருந்து விட்டு விரித்த பின் தெளிவில்லாதவை எட்டில் ஒன்றளவாகக் குறைந்தன. மேலைநாடுகளில் துளிமருந்து இல்லாமலே படம் எடுக்கலாம் என்ற விளம்பரத்தோடு வரும் கமெராக்களை வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

துளிமருந்து விட்டால் நான்கைந்து மணிநேரம் எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும், மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. கூட ஓர் ஆள் வர வேண்டும். இருவரின் நாட்கூலி போகும். கற்பிட்டித் தீபகற்பம் களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீண்ட ஒடுங்கிய நிலம். முனையில் உள்ளவர் பாலாவி வரை ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வந்துதான் புத்தளம் வீதியைத் தொட வேண்டும். கண் சத்திரசிகிச்சை நிபுணர் பொதுவாக இருப்பது ஆதார வைத்தியசாலை, மாவட்டப் பொது வைத்தியசாலை தரங்களில். மாவட்டப் பொது வைத்தியசாலை சிலாபத்தில். கண்ணுக்குள் இரத்தம் கொட்டியவருக்கு வேண்டிய நுண்ணிய அறுவை கொழும்பு போன்ற ஒருசில இடங்களில். புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். படம் எடுக்கும் இடத்தை நோயாளியின் ஊருக்குக் கொண்டுவருவது பயணத்தின் முதற்பகுதியை மட்டுமே மிச்சப்படுத்தும். லேசர் எங்கே, எந்த நாளில் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படாவிட்டால் படம் வெறும் படமாகவே நிற்கும்.

கடலுக்கு அப்பால் தமிழகம் இந்தச் சிக்கலை வேறு வகையில் அணுகியது. ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முதலில் கண்புரை முகாம்களால் ஊர்களை அடைந்து, பின்னர் சிற்றூர்ப் பார்வை மையங்களை அமைத்தது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதிக்க, மருத்துவர் தொலைவிலிருந்து பேசுகிறார். அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட மருத்துவமனைகளின் படங்களும் சேர்ந்துதான் 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட, கணினியே விழித்திரைப் படத்தை வாசிக்கும் முறை உருவாயிற்று. அதே முறையைத் தாய்லாந்தின் கிளினிக்குகளில் வைத்தபோது ஐந்தில் ஒரு பங்குப் படங்களைத் தரமில்லை என்று கணினி ஏற்க மறுத்தது. இருட்டறை இல்லை, இணையம் மெதுவாக இருந்தது, தாதியர் வேலையோ முன்பைவிடக் கூடியது. வாசிப்பவர் பஞ்சத்தைக் கணினி தீர்க்கும் என்பது உண்மை. மலேரியாத் தகட்டை வாசித்த நுணுக்குக்காட்டிப் பணியாளரின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. படலை தட்டுபவரின் இடத்தையும் லேசர் போடுபவரின் இடத்தையும் அது நிரப்பாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. படலை தட்டும் வேலையை நீரிழிவுக்கு ஓர் அரசே செய்ய முடியும் என்பதற்கு அது அருகிலுள்ள சான்று.

2022இன் பொருளாதார நெருக்கடி இலங்கையில் மருந்தையும் எரிபொருளையும் ஒருசேர அருக வைத்தது. நிபுணர்கள் பலர் நாட்டை விட்டுப் போயினர். அத்தகைய நாட்டில் நிபுணரின் நேரம் ஆபத்தில்லாத கண்களைப் பார்ப்பதில் கழியக் கூடாது. இதற்கு இங்கிலாந்தின் அனுபவம் ஏற்கெனவே வழி காட்டுகிறது. அடுத்தடுத்த இரு பரிசோதனைகளிலும் விழித்திரையில் மாற்றம் எதுவும் இல்லாதவரை ஈராண்டுக்கு ஒருமுறை அழைத்தால் போதும் என்று அந்நாடு 2023 முதல் இடைவெளியை நீட்டியது. ஆனால் அழைப்பு தவறாமல் போகும் இடத்தில்தான் அது பாதுகாப்பானது. புத்தளக் கரையில் அழைப்பின் காலமும் முக்கியம். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் உடப்பு மீனவரில் பலர் கிழக்குக் கரைக்கு வாடி மாறிச் செல்வார்கள். வேறு ஊர்களிலிருந்து கற்பிட்டிக் கரைக்கு வருவோர் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே இருப்பார்கள். மாதாந்தக் கிளினிக்கின் பெயர்ப் பட்டியலும், வீட்டுக்கு வீடு தெரிந்த மருத்துவமாதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இந்தக் கரையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அந்தப் பட்டியலைக் கமெராவோடும், கமெராவை லேசர் நாளோடும், இரண்டையும் மீன்பிடிப் பருவத்தோடும் இணைப்பதே மீந்திருக்கும் வேலை.